வாய்க்குள் ஒரு குரோம்பேட்டை

செம்பாக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அவருடைய மைத்துனருக்கு வாய் முழுதாகத் திறப்பதில்லை. ரசத்தில் மிளகு கொஞ்சம் தூக்கலாக இருந்தாலும் எரிகிறது. கன்னத்தின் உட்புறத்தை வெட்டித் தளர்த்தி, மேலே ஒரு கொலாஜன் சவ்வை வைக்கலாம் என்று பல் மருத்துவர் சொல்லியிருக்கிறார். "மாட்டிலிருந்து எடுக்கும் சவ்வாமே, அது நம் வாயில் ஒட்டி நிற்குமா?"

நிற்காது. நிற்கவும் கூடாது. நல்ல சவ்வு என்றால் தன் வேலையை முடித்ததும் கரைந்து போக வேண்டும்.

முதலில் நோய். மாவா, பான் மசாலா, வெறும் பாக்கு எதுவானாலும் வருடக்கணக்கில் கன்னத்தில் அடக்கி வைத்தால் வருவது இது. மருத்துவர்கள் ஓ.எஸ்.எம்.எஃப். என்பார்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்திப் பற்களுக்கு நடுவே விட்டுப் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு மூன்றும் நுழையும். இந்த நோய் முற்றியவருக்கு ஒரு விரலே சிரமம். பாக்கில் உள்ள அரிகோலின், நார்ச்செல்களை முடுக்கிக் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தைக் குவிக்கிறது. பாக்கிலுள்ள தாமிரம், கொலாஜன் இழைகளை ஒன்றோடொன்று தைக்கும் நொதிக்குத் தீனி போடுகிறது. மூன்றாவது ஆள்தான் நம் ஊர்க்காரர்: துவர்ப்பு.

தாம்பரத்தில் மின்ரயில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் குரோம்பேட்டை. சேம்பர்ஸ் என்பவர் நடத்திய குரோம் லெதர் கம்பெனியால் வந்த பெயர் அது. பச்சைத் தோல் அழுகுவது, கிருமிகளின் நொதிகள் அதன் கொலாஜனை வெட்டுவதால். குரோமியம் இழைகளைக் கட்டிப்போட்டுவிட்டால் நொதிக்கு வெட்ட இடமில்லை; தோல் செருப்பாகிப் பல வருடம் உழைக்கிறது. குரோமியத்துக்கு முன்பு அந்த வேலையைச் செய்தவை ஆவாரம்பட்டையும் கடுக்காயும். அவற்றின் துவர்ப்புதான் டானின். பாக்கின் துவர்ப்பும் டானின்தான். ஒப்பிட்டுப் பாருங்கள்: தோல் தொட்டியில் சுண்ணாம்பு, மாவாவிலும் சுண்ணாம்பு. அங்கே துவர்ப்பட்டை, இங்கே பாக்கு. வெற்றிலையோடு போடும் காசுக்கட்டிகூடத் தோல் பதனிட உதவிய சரக்கே. தொட்டியில் தோலைப் புரட்டுவதுபோல் நாக்கு பாக்கை இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்கும் புரட்டுகிறது. உயிருள்ள கன்னம் செருப்புத் தோல் ஆகிவிடாது என்பது உண்மை. ஆனால் நொதியால் வெட்ட முடியாத கொலாஜன் மிஞ்சுவது இரண்டிலும் ஒன்றே.

அறுவையில் கன்னத்துக்குள் கயிறுபோல் தட்டுப்படும் நார்ப்பட்டைகளை வெட்டுகிறார்கள். வாய் திறக்கிறது, உள்ளே பச்சைப்புண் மிஞ்சுகிறது. அப்படியே விட்டால் அது ஓரங்களை இழுத்துக்கொண்டு சுருங்கி ஆறும், வெட்டியதெல்லாம் வீண். மூடியாக வேண்டும். உடம்பின் வேறு இடத்துத் தோலை வைத்தால் வாய்க்குள் முடி முளைக்கக்கூடும். கன்னத்துக் கொழுப்பை இழுத்து மூடுவதும் உண்டு. சவ்வு இன்னொரு வழி. காய்ந்த கொலாஜன் சவ்வு கையில் எடுக்கும்போது அப்பளம்போல் விறைப்பாக இருக்கும். உப்புநீரில் நனைத்ததும் பாலாடைபோல் துவண்டு புண்ணின் மேடு பள்ளமெல்லாம் படியும். இரத்தத் தட்டணுக்கள் அதில் ஒட்டி, கசிவு நிற்கிறது. வலியும் குறைகிறது.

இனி நடப்பதைத்தான் எனக்கு எத்தனை முறை படித்தாலும் சலிப்பதில்லை. புண்ணின் ஓரத்திலிருந்து மேல்படலச் செல்கள் நடுவை நோக்கி ஊர்ந்து வர வேண்டும். அவை முழுக் கொலாஜனை இறுகப் பற்றிக்கொள்கின்றன. பற்றிய பிடி அவ்வளவு பலமானது, விட முடிவதில்லை. ஆனால் கொலாஜனைத் தொட்ட அந்த உணர்வே செல்லுக்குள் ஒரு கத்தரியை வார்க்கச் சொல்கிறது. கொலாஜனேஸ் என்ற நொதி அது. கொலாஜன் மூன்று இழை முறுக்கிய கயிறு. அதன் நீளத்தில் முக்கால் பங்கு தள்ளி ஒரே ஓர் இடத்தில் இந்தக் கத்தரி வெட்டுகிறது. வெட்டுப்பட்ட துண்டுகள் உடம்புச் சூட்டிலேயே முறுக்கு அவிழ்ந்து ஜெலட்டின் ஆகின்றன. ஜெலட்டினைச் செல்லின் கை பற்றாது. பிடி நழுவ, செல் அடுத்த முழு இழைக்குத் தாவுகிறது. பற்று, வெட்டு, நகர். 1997இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இந்தக் கத்தரியால் வெட்ட முடியாதபடி மரபு மாறிய கொலாஜனை விரித்து, அதன்மேல் தோல் செல்களை விட்டுப் பார்த்தார்கள். செல்கள் நகரவில்லை.

சவ்வு செய்பவரின் கைத்திறன் இங்கேதான். இழைகளைக் கட்டாமல் விட்டால் எச்சில் ஊறும் வாயில் சவ்வு சீக்கிரமே கரைந்துவிடும். அதிகம் கட்டினால் தோலாகிவிடும், செல் நகராது. அரைப்பதம் வேண்டும். அதற்குப் பயன்படும் குளூட்டரால்டிஹைடு தோல் தொழிலுக்கும் பழக்கமானதே. அடையாறில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் மருத்துவக் கொலாஜனில் இறங்கியது தற்செயல் இல்லை.

வரலாறு சுருக்கமாக. கொலாஜனின் அந்த மூன்று இழை முறுக்கைக் கண்டு சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். 1954இல் கிண்டியிலிருந்து வந்த வேலை அது.

கொலாஜன் சவ்வு மட்டுமல்ல, பிரசவத்தில் கிடைக்கும் பனிக்குடச் சவ்வும் புண்ணை மூடும் இதே வேலைக்கு உதவுகிறது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் திசு வங்கி 1988 முதல் அதைக் கதிர்வீச்சால் கிருமி நீக்கித் தருகிறது. ஆனால் 'ஆய்வகத்தில் வளர்த்த வாய்' என்று தலைப்பு போடும் செய்திகளை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மைத்துனருக்கு வைக்கப் போகும் சவ்வில் உயிருள்ள செல் ஒன்றுகூட இருக்காது. நோயாளியின் வாயிலிருந்தே செல் எடுத்து வளர்த்து வைப்பது வேறு வேலை; மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஃபைன்பெர்க்கும் இசுமியும் அதைச் செய்தார்கள். 2004இல் ஜப்பானில் வாய்ச் செல்லைத் தாளாக வளர்த்து நான்கு பேரின் கண்ணிலேயே வைத்தார்கள். அருமையான வேலைகள், ஆனால் நம் பக்கத்துப் பல் மருத்துவமனைக்கு இன்னும் வரவில்லை. சவ்வுகளைப் பற்றிய ஆய்வுகளிலும் பல, சில பத்து நோயாளிகளைச் சில மாதம் பார்த்தவைதான்.

சவ்வு எதைச் செய்யாது என்பதையும் மைத்துனரிடம் சொல்லுங்கள். நோயை அது குணப்படுத்தாது. இந்தியாவில் 17 ஆண்டு தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், இந்நோய் உள்ளவர்களில் 7.6 சதவீதத்தினருக்குப் புற்றுநோய் வந்தது. பாக்கை விட்டாலும் வாயை அவ்வப்போது காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பாக்கு தொடர்ந்தால் புதுக் கன்னத்துக்கும் பழைய கதிதான்.

அறுவை முடிந்த சில நாளில் சவ்வு வெளிறி மஞ்சளாகும். சீழ் என்று பயந்து விரலால் சுரண்டிவிடக் கூடாது; அடியில் செல்கள் ஊர்ந்துகொண்டிருக்கும். பிறகு மருத்துவர் ஐஸ்கிரீம் குச்சி போன்ற மரக்குச்சிகளைத் தருவார். அடுக்கிப் பற்களுக்கு நடுவே வைத்து, தாங்கத் தாங்க ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். தினமும் பல வேளை, மாதக்கணக்கில். இன்று எத்தனை குச்சி என்று வீட்டில் யாராவது ஒருவர் எழுதி வையுங்கள். எண்ணிக்கை குறையத் தொடங்கினால் அடுத்த தேதிக்குக் காத்திராமல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.