அப்பாவின் துப்பாக்கியை விற்கணுமா? கூரியர் பக்கம் போகாதீங்க!

திண்டுக்கல் பக்கம் தோட்டத்து வீட்டில் காட்டுப்பன்றியை விரட்ட வாங்கிய பழைய இரட்டைக் குழல் துப்பாக்கி. உரிமம் அப்பா பெயரில். அவர் இறந்து மாதங்கள் ஓடிவிட்டன. துப்பாக்கி இன்னமும் பீரோவில்தான். “அப்பாவோடது தானே” என்று வீட்டில் நினைக்கலாம். சட்டம் அப்படி நினைக்காது. உரிமம் வாரிசுக்குத் தானாக வராது.

ஆயுதச் சட்டம் 1959-ன் 21-வது பிரிவுப்படி, தாமதிக்காமல் பக்கத்து போலீஸ் ஸ்டேஷனிலோ உரிமம் பெற்ற டீலரிடமோ ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தால் பறிபோய்விடும் என்ற பயம்தான் பலரைத் தடுக்கிறது. உண்மையில் வாரிசு தன் பெயரில் உரிமம் வாங்கி அதைத் திரும்பப் பெறலாம், தகுதியுள்ளவருக்கு விற்கவும் செய்யலாம். விதிகளில் சொன்ன கெடுவைத் தாண்டினால்தான் அரசுக்குப் போகும். ஒப்படைக்காமல் மாட்டினால்? 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமமின்றி வைத்திருப்பதற்குக் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை.

சரி, உரிமதாரர் உயிரோடு இருக்கிறார், விற்கத்தான் ஆசை. வாங்குபவர் பெயர், முகவரியோடு கலெக்டருக்கோ பக்கத்து ஸ்டேஷனுக்கோ எழுத்தில் தெரிவிக்கணும். அதிலிருந்து 45 நாள் கழித்தே கைமாற்ற முடியும். பணத்தை முன்னாடியே வாங்கிவிட்டு “துப்பாக்கியை எடுத்துட்டுப் போங்க” என்பதெல்லாம் வம்பு.

எப்படிக் கொண்டுபோவது? அமெரிக்காவில் வேறு மாநிலத்தவருக்கு விற்றால், அந்த ஊர் டீலர் வழியாகத்தான் போய்ச் சேர வேண்டும். அதற்காக டீலருக்கு அனுப்பி வைப்பது அங்கே சகஜம். அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு இங்கே பெட்டி கட்டாதீர்கள். வாங்குபவருக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்க்காமல் துப்பாக்கியைக் கையில் கொடுப்பதே குற்றம். உரிமதாரரே உரிமப் புத்தகத்தோடு நேரில் போவதுதான் நல்லது. ரிப்பேருக்கோ உரிமம் புதுப்பிக்கவோ என்றால், அவரது எழுத்துபூர்வ அனுமதியோடு இன்னொருவர் எடுத்துச் செல்லலாம். அந்தச் சலுகையில் விற்பனை கிடையாது.

வயதான உரிமதாரர்கள் கவனிக்க இன்னொன்று: முன்பு 3 துப்பாக்கி வரை வைத்திருக்கலாம். 2019 திருத்தம் அதை 2 ஆக்கியது. மூன்றாவதை ஒப்படைக்கக் கொடுத்த ஓராண்டு அவகாசம் 2020 டிசம்பரிலேயே முடிந்துவிட்டது.