நல்லமலை மடிப்புப் பட்டை

நல்லமலை மடிப்புப் பட்டை என்பது ஆந்திரப் பிரதேசத்தில், கடப்பா படுகையின் கிழக்குப் பகுதியில் வில்போல் வளைந்து அமைந்துள்ள மலைப் பகுதி ஆகும். இது வடக்கே கிருஷ்ணா ஆற்றுப் பகுதியிலிருந்து தெற்கே திருப்பதியை நோக்கி நீள்கிறது. நல்லமலை, வேலிகொண்டா ஆகிய குன்றுத்தொடர்கள் இதில் அடங்கும். படிவுப் பாறைகள் பக்கவாட்டில் நெருக்கப்பட்டு மடிந்தும் உடைந்தும் இப்பட்டை உருவானது.

பாறைகள்

ஏறத்தாழ 190 கோடி ஆண்டுகளுக்கு முன் கடப்பா படுகையில் மணலும் களிமண்ணும் சுண்ணாம்பும் அடுக்கடுக்காகப் படிந்து வந்தன. மணல் இறுகிக் கடினமான குவார்ட்சைட்டு ஆனது. களிமண் மென்மையான களிப்பாறை ஆனது. கடினமும் மென்மையும் மாறிமாறி அமைந்த இந்த அடுக்குகளே பின்னர் நிகழ்ந்த மடிப்புக்கு வழி செய்தன. 1872-இல் இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த வில்லியம் கிங், கடப்பா, கர்நூல் பாறைகளைப் பற்றிய விரிவான நூலை வெளியிட்டார்.

மடிப்பும் உந்துப் பிளவும்

தரையில் விரித்த ஜமுக்காளத்தை ஒரு பக்கமிருந்து தள்ளினால் அது சுருக்கம் சுருக்கமாக எழும்பும். பாறை அடுக்குகளும் இவ்வாறே மேல்வளைவுகளாகவும் கீழ்வளைவுகளாகவும் மடிகின்றன. நெருக்கம் மிகும்போது அடுக்கு உடைந்து, ஒரு பகுதி சாய்வான பிளவு வழியே மற்றதன்மேல் ஏறுகிறது. இது உந்துப் பிளவு எனப்படும். மென்மையான களிப்பாறை வழுக்குதளமாகப் பயன்படுகிறது.

உந்துப் பிளவுக்கு முக்கியச் சான்று, பழைய பாறை புதிய பாறையின்மேல் கிடப்பது. நல்லமலையின் மேற்கு விளிம்பில் பழைய நல்லமலைப் பாறைகள், அவற்றைவிட இளைய கர்நூல் பாறைகள்மேல் ஏறியுள்ளன. எனவே கடைசி உந்துதல், கர்நூல் பாறைகள் படிந்த பிறகே நிகழ்ந்தது எனலாம். இதற்கு மேற்கே, பெண்ணாறு அறுத்த கண்டிக்கோட்டைப் பள்ளத்தாக்கில் அடுக்குகள் பெரிதும் குலையாமல் கிடைமட்டமாகவே உள்ளன. உந்துதலின் வேகம் அதுவரை எட்டவில்லை.

வளைவு ஏற்படும் விதம்

பட்டையின் நடுப்பகுதி அதிகத் தொலைவு முன்னேறி, இரு முனைகளும் பின்தங்கினால் வில் வடிவம் உண்டாகிறது. படிவுகள் தடிமனாக உள்ள இடம் எளிதில் முன்னேறும். அடித்தளப் பாறை தடுக்கும் இடம் பின்தங்கும். பொதுவாக வில்லின் புடைத்த பக்கம் தள்ளப்பட்ட திசையைக் காட்டும். நல்லமலை கிழக்கிலிருந்து மேற்கு நோக்கித் தள்ளப்பட்டது. அதன் புடைப்பும் மேற்கு நோக்கியே உள்ளது. சுமார் 2,400 கி.மீ. நீளமுள்ள இமயமலை தெற்கு நோக்கிப் புடைத்திருப்பதும் இவ்வகையே.

எல்லா வளைவும் இப்படித் தோன்றுவதில்லை. நேராக உருவான பட்டை பின்னர் வளைக்கப்படுவதும் உண்டு. பாறையில் பதிந்த பழைய காந்தத் திசையை அளந்து இரண்டையும் வேறுபடுத்துவர்.

நாட்றாம்பாளையம் மலைகளுடன் ஒப்பீடு

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அஞ்செட்டிக்கும் ஒகேனக்கல்லுக்கும் இடையே உள்ள நாட்றாம்பாளையத்தைச் சுற்றிய மேலகிரி மலைகளும் கிழக்குத் தொடர்ச்சி மலை என்றே அழைக்கப்படுகின்றன. ஆனால் இவை படிவு அடுக்குகள் மடிந்து எழுந்தவை அல்ல. நிலத்தின் ஆழத்தில் வெந்து உருமாறிய, சுமார் 250 கோடி ஆண்டுப் பழமையுள்ள நைசு போன்ற பாறைகள், மேலிருந்தவை அரிக்கப்பட்டதால் வெளிப்பட்டுக் குன்றுகளாக நிற்கின்றன. இப்பாறைகளிலும் மடிப்புகள் உண்டு. கிருஷ்ணகிரிப் பகுதியில் வெட்டி மெருகேற்றப்படும் ‘பாரடைசோ’ கல்லில் தெரியும் அலைக்கோடுகள், ஆழத்தில் சூடேறி இளகிய நிலையில் ஏற்பட்ட மடிப்புகளே. அவை கல்லின் வரலாற்றைச் சொல்கின்றன. இன்றைய குன்றின் வடிவத்தை அல்ல. ஒரே பெயர் கொண்ட மலைகள் ஒரே பிறப்புக் கொண்டவை அல்ல என்பதற்கு இவ்விரண்டும் சான்று.

பொருளாதார முக்கியத்துவம்

இப்பட்டையில் உள்ள மங்கம்பேட்டை, உலகின் மிகப் பெரிய பேரைட்டு படிவுகளுள் ஒன்றாகும். எண்ணெய்க் கிணறு தோண்டும்போது செலுத்தப்படும் சேற்றுக் கரைசலின் எடையைக் கூட்ட இக்கனிமம் பயன்படுகிறது. மடிந்த நிலத்தில் தாதுப் படிவு எங்கே மேலெழுகிறது, எங்கே ஆழத்தில் இறங்குகிறது என்பதை அறிய மடிப்புகளின் வரைபடம் இன்றியமையாதது.