மழையின் பழங்கணக்கு: குற்றாலம் முதல் கொற்கை வரை

தென்காசி ஜில்லாவின் கிராமங்களில் விவசாயிகளுடன் பேசுங்கால் ஒரு வார்த்தை தவறாமல் காதில் விழும். "இப்பொழுதெல்லாம் மழை மாமூல்படி பெய்வதில்லை" என்பதே அது. ஆனியிலும் ஆடியிலும் குற்றாலத்துச் சாரல் குறைந்தால் கார் சாகுபடிக்காரருக்குக் கவலை. ஐப்பசி, கார்த்திகை அடைமழை பின்வாங்கினால் பிசானக்காரருக்குக் கவலை. இந்தக் கவலை நியாயமானதே. ஆயினும், மாமூல் என்பது எந்தக் காலத்து மாமூல் என்று கேட்டால் விடை கிடைப்பது எளிதன்று. நம் தகப்பனார் காலத்து மழையா, பாட்டனார் காலத்து மழையா?

இந்திய வானிலை இலாகா ஏற்பட்டது 1875-ஆம் வருஷத்தில். அதற்கு முன்பும் சிற்சில ஊர்களில் மழை அளக்கப்பட்டதுண்டு. இக்கணக்குகளை எல்லாம் கூட்டினாலும் இருநூறு ஆண்டுகளைச் சொற்பமே தாண்டும். மனிதன் இந்நாட்டில் வாழ்ந்துவரும் காலத்தோடு ஒப்பிட்டால் இது ஒரு களத்து நெல்லில் ஒரு மணி போன்றதே. அதற்கு முற்பட்ட மழைக்கணக்கை எவரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் சேறும், மரமும், மணலும் அதனைத் தம்முள் பதிவு செய்து வைத்திருக்கின்றன. அவற்றை விஞ்ஞானிகள் எங்ஙனம் படிக்கின்றனர், அதனால் நமக்கு விளங்குவது யாது என்பதை இக்கட்டுரையில் சுருக்கமாகக் கூறுவோம்.

இரு பருவங்களின் வாயில்

நமது ஜில்லாவின் மழை ஏனைய தமிழ் நாட்டு ஜில்லாக்களின் மழையினின்றும் சற்று மாறுபட்டது. மேற்குத் தொடர்ச்சி மலை நெடுஞ்சுவர்போல் தென்மேற்குப் பருவக் காற்றைத் தடுத்து, அதன் ஈரத்தைக் கேரளத்திலேயே பெய்யச் செய்கிறது. செங்கோட்டைக்கு மேற்கே அச்சுவரில் ஒரு திறப்பு உண்டு. அவ்வழியே நுழையும் காற்றுச் சிறிது ஈரத்தைக் கொண்டுவந்து குற்றாலத்திலும் தென்காசியிலும் சாரலாகத் தூவுகிறது. கிழக்கே செல்லச் செல்ல அதே காற்று ஈரம் நீங்கி, சமவெளியில் வறண்ட காற்றாக வீசுகிறது. பின்னர் ஐப்பசியில் வடகிழக்குப் பருவம் தொடங்கிக் குளங்களை நிரப்புகிறது. குற்றால மலையிற் பிறக்கும் சிற்றாறு சீவலப்பேரி அருகே தாமிரபருணியோடு கலந்து, ஆதிச்சநல்லூரையும் கொற்கைப் பகுதியையும் நோக்கிச் செல்கிறது. நாம் தேடும் சாட்சிகளிற் பல இக்காற்றின் பாதையிலும் இந்நீரின் பாதையிலுமே கிடைக்கின்றன. மலைச் சிகரத்துச் சாட்சிக்கு மட்டும் சற்று வடக்கே, அதே மலைத்தொடரைச் சேர்ந்த நீலகிரிக்குச் செல்ல வேண்டும்.

நீலகிரிச் சேறு

நீலகிரியின் உச்சியில் புல்வெளிகளுக்கு இடையே சதுப்பான பள்ளங்கள் உள்ளன. குளிரும் ஈரமும் மிகுந்த அவ்விடங்களில் செடிகொடிகள் முற்றும் மக்காமல், கரிய சேறாக அடுக்கடுக்காய்ப் படிகின்றன. இதற்குப் பீட் என்று பெயர். அடியிலுள்ள அடுக்குப் பழையது, மேலுள்ளது புதியது. இந்தச் சேற்றை ஆராய்ந்து சுகுமார், ரமேஷ் முதலிய இந்திய விஞ்ஞானிகள் 1993-ஆம் வருஷத்தில் ஒரு முடிவை வெளியிட்டனர். அதன் அடிப்படை விவசாயிக்கு எளிதில் விளங்கக் கூடியதே.

காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கொண்டே பயிர் தன் உடலைக் கட்டுகிறது. அவ்வாயுவின் கரியணுக்களில் நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்று மற்றவற்றைவிடச் சற்றுக் கனமானது. நெல், பருத்தி, பயறு வகைகள், மரங்கள் ஆகியவை கனமான அணுவைப் பெரிதும் ஒதுக்கிவிடுகின்றன. சோளம், கம்பு, கேழ்வரகு, கரும்பு முதலியவையும், வெயிலுக்கும் வறட்சிக்கும் ஏற்ற பல புல்லினங்களும் அவ்வளவாக ஒதுக்குவதில்லை. ஆகவே சேற்றின் ஓர் அடுக்கில் கனமான கரியணு மிகுந்திருந்தால், அக்காலத்தில் வறட்சி தாங்கும் புல்லினம் ஓங்கியிருந்தது என்றும், குறைந்திருந்தால் ஈரம் விரும்பும் தாவரங்கள் ஓங்கியிருந்தன என்றும் கொள்ளலாம்.

இம்முறையால் தெரியவந்தது யாதெனில், ஏறக்குறைய 20,000 முதல் 16,000 ஆண்டுகளுக்கு முன்னர், அதாவது உலகின் வடபாகம் பனிப்பாறைகளால் மூடப்பட்டிருந்த காலத்தில், நமது மலைகள் வறண்டிருந்தன. பருவ மழை மெலிந்திருந்தது. பின்னர் மழை வலுத்து, 11,000 ஆண்டுகளுக்கு முன்னர் உச்சநிலையை அடைந்தது. மறுபடியும் சுமார் 6,000 முதல் 3,500 ஆண்டுகளுக்கு முன்னர் வரை வறட்சி மேலிட்டது. ஒரு விஷயத்தை இங்கே மறைக்கலாகாது. பனியுகத்தில் காற்றில் கரியமில வாயுவே குறைவு. அந்நிலையும் சோளவகைப் புல்லினத்திற்கு அனுகூலமானது. எனவே புல்லின் பெருக்கம் முழுவதையும் வறட்சியின் கணக்கிலேயே எழுதிவிட முடியாது. ஒரே சாட்சியின் பேரில் விஞ்ஞானிகள் தீர்ப்புக் கூறாமல் வேறு சாட்சிகளையும் தேடுவது இதனாலேயே.

மகரந்தமும் மரவளையமும்

பூக்களின் மகரந்தத் துகள் கண்ணுக்குப் புலப்படாத அளவு சிறியதாயினும் அதன் மேலோடு மிக உறுதியானது. காற்றுப் புகாத சேற்றில் பல்லாயிரம் ஆண்டுகள் அழியாதிருக்கும். ஒவ்வொரு தாவர இனத்தின் துகளுக்கும் தனி வடிவம் உண்டு. குளத்துச் சேற்றின் ஒவ்வோர் அடுக்கிலும் எந்தெந்தத் துகள் எத்தனை என்று பூதக்கண்ணாடியின் கீழ் எண்ணினால், அக்காலத்தில் சுற்றிலும் காடு இருந்ததா, புல்வெளி இருந்ததா, மனிதன் பயிரிட்டானா என்பவை தெரியவரும். லக்ஷ்மணபுரி என்னும் லக்னோவில் பீர்பல் ஸாஹ்னி 1946-இல் நிறுவிய ஆராய்ச்சிக் கழகமும், புதுச்சேரிப் பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையமும் இத்துறையில் நெடுங்காலமாக உழைத்து வருகின்றன.

அண்மைக் காலத்துக்குத் தேக்கு மரம் நல்ல சாட்சி. கோடையில் இலையுதிர்த்து, மழை கண்டதும் வளரும் மரமாதலால் ஆண்டுக்கு ஒரு வளையம் அதன் கட்டையில் தெளிவாகப் பதிகிறது. மழை மிகுந்த ஆண்டில் வளையம் அகலம். குறைந்த ஆண்டில் ஒடுக்கம். கேரளத்துத் தேக்குகளிலிருந்து புனாவிலுள்ள வானிலை விஞ்ஞானிகள் 523 ஆண்டுகளின் தொடர்ச்சியான கணக்கைத் தயாரித்து, 2010-இல் வெளியிட்டனர். பசிபிக் கடல் வெப்பமடையும் எல்-நினோ ஆண்டுகளுக்கும், பருவ மழை பொய்த்தலுக்கும், ஒடுங்கிய வளையங்களுக்கும் உள்ள சம்பந்தம் அதில் புலப்படுகிறது. 1876 முதல் 1878 வரை நம் முன்னோரை வாட்டிய தாது வருஷப் பஞ்சமும் அத்தகைய ஒரு கடல் வெப்பத்தோடு சேர்ந்து வந்ததே.

வயதைக் கணிக்கும் விதம்

இச்சாட்சிகளுக்கு வயது தெரியாவிடில் பயனில்லை. உயிருள்ள பொருள் காற்றிலிருந்து பெறும் ஒருவகைக் கரியணு, அப்பொருள் இறந்தபின் மெல்லச் சிதைகிறது. 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறையும். எஞ்சியதை அளந்து வயதைக் கணக்கிடும் இம்முறையை அமெரிக்க விஞ்ஞானி லிப்பி 1949-இல் நிலைநாட்டினார். ஏறக்குறைய 50,000 ஆண்டுகள் வரை இது செல்லும். மணலுக்கு வேறு முறை உண்டு. மணற்பரல் மண்ணுக்குள் புதைந்திருக்கும்போது சுற்றியுள்ள கதிரியக்கத்தின் சக்தியைச் சேமித்துக் கொள்கிறது. வெயில் பட்டால் அச்சேமிப்பு முற்றும் நீங்கிவிடும். இருட்டில் எடுத்த மணலின்மீது சோதனைச் சாலையில் ஒளி பாய்ச்சி, அது உமிழும் மங்கிய ஒளியை அளந்தால், கடைசியாக அது வெயில் கண்டது எப்பொழுது என்று கணிக்கலாம்.

தேரி மணலும் சிறு கற்கருவிகளும்

இப்பொழுது மலையைவிட்டுக் கடற்கரைக்கு வருவோம். சாயர்புரம், நாசரேத், மெய்ஞ்ஞானபுரம் பக்கங்களில் செந்நிறத் தேரிகளை நம்மில் பலர் கண்டிருப்பர். மேல்காற்று உள்நாட்டுச் செம்மண்ணை வாரிச் சென்று குவித்தது என்பர் சிலர். கடல் பின்வாங்கிய காலத்தில் வெளிப்பட்ட கரைமணலே அது என்பர் வேறு சிலர். எவ்வாறாயினும், மணல் ஓடிக் குவிவது காற்று மிகுந்து பசுமை குன்றிய காலத்தின் அடையாளம். குவிந்த மணல் நிலைபெற்று, அதிலுள்ள இரும்பு துருப்பிடித்துச் சிவப்பது, ஈரமும் செடிகளும் நெடுங்காலமும் சேர்ந்து நடத்தும் வேலை. ஆகவே தேரியின் அடுக்குகள் காற்றின் காலத்தையும் மழையின் காலத்தையும் மாறி மாறிக் காட்டும் ஏடுகளாம்.

அந்த ஏடுகளில் மனிதனும் இருக்கின்றான். விரல் நகத்தளவான பிறைவடிவ, முக்கோணவடிவக் கற்சில்லுகள் அங்கு ஏராளமாகக் கிடைத்துள்ளன. அவற்றை மரத்திலோ எலும்பிலோ பதித்து அம்பாகவும் கத்தியாகவும் ஆதி வேடர் பயன்படுத்தினர். ஸாய்னர், ஆல்சின் என்னும் இருவர் 1956-இல் இவற்றைக் குறித்து விரிவான கட்டுரை எழுதினர். மணலின் வயதை நேரே அளக்கும் வழி அப்பொழுது இல்லாமையால், பழைய கடல் மட்டங்களைக் கொண்டு சுமார் 6,000 ஆண்டுகள் என்று அனுமானித்தனர். ஒளியளவை முறையால் நடந்த பிற்கால ஆராய்ச்சி 2012-இல் வெளிவந்தது. தேரி ஒரே வீச்சில் உண்டானதன்று, பல்லாயிரம் ஆண்டுகளில் பல படிகளாக வளர்ந்தது என்பது அதனால் உறுதியாயிற்று.

கடலும் ஒரே இடத்தில் நின்றதில்லை. 20,000 ஆண்டுகளுக்கு முன்னர், நீரின் பெரும்பகுதி பனிக்கட்டியாய் உறைந்திருந்தமையால், கடல் மட்டம் இன்றுள்ளதினும் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அப்பொழுது நமது கரைக்கும் இலங்கைக்கும் இடையே தரைவழி இருந்தது.

பழங்குடி மாந்தர் செய்தது

மாறும் மழையை ஆதி மனிதர் எவ்வாறு சமாளித்தனர்? திருவள்ளூர் ஜில்லா அதிராம்பாக்கத்தில் பதினைந்து லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்ட கற்கருவிகள் கிடைத்துள்ளன. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன்னர் சுமாத்திராவில் தோபா எரிமலை வெடித்து இந்தியா எங்கும் சாம்பலைப் பொழிந்தது. ஆந்திர நாட்டு ஜ்வாலாபுரத்தில் அச்சாம்பல் அடுக்குக்குக் கீழும் மேலும் ஒத்த கருவிகளே காணப்பட்டன. ஆகவே அங்கு வாழ்ந்தோர் முற்றும் அழிந்துவிடவில்லை என்று ஆராய்ந்தோர் கருதுகின்றனர். இலங்கையின் பாஹியன் குகையில் 45,000 ஆண்டுகளுக்கு முன்னரே மக்கள் மழைக்காட்டில் குரங்கையும் அணிலையும் வேட்டையாடி வாழ்ந்தனர். இவர்கள் வெவ்வேறு காலத்தினராயினும் இவர்களிடம் ஒரு பொதுக் குணம் உண்டு. ஓரிடம் வறண்டால் ஈரமுள்ள இடத்தை நாடலாம். ஓர் உணவு குறைந்தால் வேறோர் உணவைக் கொள்ளலாம். அவர்களுக்கு நிலவரியும் இல்லை, கிணற்றுக் கடனும் இல்லை.

உழவு தொடங்கியபின் அந்தச் சௌகரியம் போயிற்று. ஆதிச்சநல்லூர்த் தாழிகளில் நெல்லுமியும் சிறுதானிய உமியும் இருந்ததை அலெக்ஸாண்டர் ரீ 1899-க்கும் 1905-க்கும் இடையே கண்டு எழுதினார். சிவகளையில் ஒரு தாழியினுள் கிடைத்த நெல்லின் வயது கி.மு. 1155 எனக் கணிக்கப்பட்டதாக 2021-இல் அறிவிக்கப்பட்டது. நீலகிரிச் சேறு காட்டும் நீண்ட வறட்சி தணிந்த சில நூற்றாண்டுகளில் இந்நெல் விளைந்திருக்கிறது. ஒன்றுக்கு மற்றது காரணம் என்று சொல்லத் துணியோம். ஆயினும் தாழியில் நெல்லோடு சிறுதானியமும் இருந்தது கவனிக்கத்தக்கது. அக்காலத்து உழவர் ஒரே தானியத்தை நம்பி இருக்கவில்லை.

ஆறும் அவர்களுக்கு ஒரே நிலையில் இருக்கவில்லை. 1968-69-இல் தோண்டப்பட்ட கொற்கையில் எடுத்த கரித்துண்டு கி.மு. எட்டாம் நூற்றாண்டினது என்று தெரிந்தது. பாண்டியர் துறைமுகமான அவ்வூர் இன்று கடலுக்குச் சில கிலோமீட்டர் உள்ளே வயல்களுக்கு நடுவில் இருக்கிறது. தாமிரபருணியும் சிற்றாறும் கொண்டுவந்து கொட்டிய வண்டல் கடலைத் தள்ளிவிட்டது. குற்றால மலையில் கரையும் மண்ணும் அதில் ஒரு பங்கு.

நாம் கொள்ளத்தக்கவை

மாமூல் மழை என்று நிரந்தரமான ஒன்று இருந்ததில்லை என்பதே இப்பழங்கணக்கின் சாரம். ஆனால் முன்னும் மாறியதுதானே என்று அலட்சியமாக இருப்பதும் தவறு. தென்துருவப் பனிக்கட்டியில் அடைபட்ட காற்றுக் குமிழிகளை ஆராய்ந்ததில், கடந்த எட்டு லட்சம் ஆண்டுகளில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 180 முதல் 300 பங்குக்குள்ளேயே இருந்ததாகத் தெரிகிறது. இன்று அது 420 பங்கைத் தாண்டிவிட்டது. முன்பு பல்லாயிரம் ஆண்டுகளில் நேர்ந்த மாறுதல் இப்பொழுது ஒரு மனிதனின் ஆயுளுக்குள் நேர்கிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதை நாம் மறக்கவில்லை. வேடரைப்போல் நாம் இடம் பெயர முடியாதாதலின் நிலத்தையே மாறுதலுக்குத் தக்கபடி ஆயத்தம் செய்தல் வேண்டும். விவசாய அன்பர்கள் கீழ்க்கண்டவற்றைக் கவனிப்பார்களாக.

முதலாவது, குளத்தில் வண்டல் எடுக்கும்போது மேலே படிந்த வண்டலோடு நிறுத்த வேண்டும். அடியிலுள்ள இறுகிய களிமண் நீரைத் தாங்கும் தளம். அதுவே பழைய மழைக்கணக்கின் ஏடும் ஆகும். அதைப் பெயர்த்தால் குளமும் கசியும், ஏடும் அழியும்.

இரண்டாவது, மானாவாரி நிலம் முழுவதையும் ஒரே பயிருக்கு விடாமல் சோளம், கம்புக்கும் ஒரு பங்கு ஒதுக்குக. கரியணுவை எடுப்பதில் அவற்றுக்குள்ள தனிமுறையே குறைந்த ஜலத்தில் மிகுந்த விளைவு தரவும் காரணமாகிறது.

மூன்றாவது, கிராமத்துக்கு ஒருவரேனும் மரநிழலும் கூரையும் இல்லாத வெளியிடத்தில் மழைமானி வைத்து, தினந்தோறும் காலை 8-30 மணிக்கு அளந்து, ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் குறித்து வருக. சாரல் தொடங்கிய நாள், குளம் மறுகால் போன நாள், கிணற்று நீர்மட்டம் ஆகியவற்றையும் எழுதுக.

நான்காவது, உழும்போதோ கிணறு வெட்டும்போதோ தாழி, கற்கருவி, கறுத்த தானியம் முதலியன தென்பட்டால் அவ்விடத்தை மேலும் கலைக்காமல் கிராம நிர்வாக அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். எடுத்துக் கழுவிய பொருளைவிட, கிடந்த அடுக்கிலேயே கிடக்கும் பொருள்தான் ஆராய்ச்சிக்குப் பயன்படும்.

சேறும் மணலும் மரமும் தம் கணக்கைத் தவறாமல் எழுதிவந்தன. இனிவரும் சந்ததியார் நம் காலத்து மழையை அறிய அவற்றை மாத்திரம் நம்பியிருக்க வேண்டியதில்லை; எழுத்தறிந்த நாமும் எழுதி வைப்போமாக.