உங்களுக்குத் தெரியுமா? மார்பெலும்பை அறுக்காமலே பைபாஸ்!

பைபாஸ் என்றாலே நெஞ்சின் நடுவே நீளமான தழும்புதான் நினைவுக்கு வரும். விலா எலும்புகளுக்கு இடையே சில சிறு துளைகள் போட்டே இதைச் செய்யலாம் என்று 1998இல் பாரிஸ் மருத்துவர்கள் ரோபோ உதவியுடன் செய்து காட்டினார்கள்.

ரோபோ தானாக எதையும் செய்வதில்லை. மருத்துவர் சற்றுத் தள்ளி அமர்ந்து, பெரிதாக்கப்பட்ட முப்பரிமாணக் காட்சியைப் பார்த்தபடி விரல்களை அசைப்பார். துளைக்குள் இருக்கும் கருவியும் அப்படியே அசையும். கை நடுக்கத்தை இயந்திரம் வடிகட்டிவிடும். சுமார் 2 மி.மீ. அகலமே உள்ள இதயத் தமனியில், தலைமுடியைவிட மெல்லிய இழையால் தைக்க வேண்டுமே! பல இடங்களில், அடைப்பைத் தாண்டி ரத்தம் போக மாற்றுப் பாதையாகும் மார்புச் சுவரின் உட்புறத் தமனியைப் பிரித்தெடுக்க மட்டும் ரோபோ; தையலை இடப்பக்கச் சிறு கீறல் வழியே மருத்துவர் கையாலேயே போடுகிறார்.

அறுத்த மார்பெலும்பு கூட 6 முதல் 12 வாரம் ஆகும். அதுவரை பாரம் தூக்கக் கூடாது. ரோபோ முறையில் அந்த நீண்ட காத்திருப்பு இல்லை. ரத்த இழப்பு குறைவு, வீடு திரும்புவதும் சீக்கிரம். சர்க்கரை நோயாளிகள் அஞ்சும் மார்பெலும்புத் தொற்றும் தவிர்க்கப்படுகிறது.

ஆனால் எல்லோருக்கும் பொருந்தாது. இதயத்தின் பல ரத்தக் குழாய்களில் அடைப்போ, நுரையீரல் பலவீனமோ இருந்தால் பெரும்பாலும் வழக்கமான முறைதான். மருத்துவமனையில் ரோபோ இருக்கிறதா என்பதோடு, அதில் அங்குள்ள மருத்துவருக்கு எவ்வளவு பழக்கம் என்றும் தயங்காமல் கேளுங்கள்.