சூடுபட்ட குழந்தைக்கு எந்தக் கட்டு நல்லது?

போன மாதம் ஒருநாள் ராத்திரி எட்டு மணி இருக்கும். இரண்டு வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பாட்டியும் மருமகளும் என் வீட்டுக்கு ஓடிவந்தார்கள். கொதிக்கிற ரசம் கையில் கொட்டி அரைமணி நேரம் ஆகியிருந்தது. கை முழுக்க மஞ்சள்தூள், அதன்மேல் காபிப்பொடி, அதற்கும் மேல் தேங்காய் எண்ணெய்!

"நல்ல தைலமா ஒண்ணு குடுங்கய்யா, ஆறிடும்" என்றார் பாட்டி.

நான் தைலம் எடுக்கவில்லை. குழந்தையின் கையைக் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டச் சொன்னேன். பிறகு சுத்தமான துணியைச் சுற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டேன். பாட்டிக்கு என்மேல் வருத்தம்தான். ஆனால், அந்தப் பொடியைக் கழுவி எடுக்கும்போது குழந்தை துடித்த துடிப்பைப் பார்த்த பிறகு அவருக்கே விஷயம் புரிந்துவிட்டது.

முதல் மருந்து தண்ணீர்

சூடுபட்டு மூன்று மணி நேரத்துக்குள் என்றால், 20 நிமிடம் ஓடுகிற குழாய்த் தண்ணீர் நிச்சயம் பலன் தரும். ஐஸ் கூடாது. பேஸ்ட், இங்க், மாவு எதுவும் வேண்டாம். குழந்தைக்கு உடம்பு சில்லிட்டுவிடாமல் மற்ற இடங்களைப் போர்த்தி வையுங்கள். கொப்புளத்தை நீங்களாக உடைக்காதீர்கள்.

எந்தக் கட்டு?

"எந்த மருந்து போட்டா சீக்கிரம் ஆறும்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். குழந்தை விஷயத்தில் இன்னொரு கேள்வியும் முக்கியம்: கட்டை எத்தனை தடவை அவிழ்க்க வேண்டும்? ஒவ்வொரு தடவையும் வலி. புதுத்தோலும் பிய்ந்து வரும்.

வெள்ளைக் களிம்பு (சில்வர் சல்ஃபாடயசின்): விலை குறைவு, எங்கும் கிடைக்கும். ஆனால் பெரும்பாலும் தினமும் கழுவி மாற்ற வேண்டும். மேலே படியும் வெள்ளைப் படலம் புண்ணின் ஆழத்தை மறைத்துவிடும். மேலோட்டமான புண் இதில் சற்றுத் தாமதமாகவே ஆறுகிறது. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்குப் போடக்கூடாது.

பாரஃபின் வலைத்துணி: வெறும் பஞ்சுத்துணியைவிட மேல். காய்ந்துபோனால் இதுவும் ஒட்டிக்கொள்ளும்.

கொலாஜன் தாள்: சுத்தமான, மேலோட்டமான புண்ணில் தோல்போல ஒட்டிக்கொள்ளும். அடியில் புதுத்தோல் வளர வளரத் தானே உரிந்துவிடும். சீழ் வைத்த புண்ணுக்கு ஆகாது.

வெள்ளி கலந்த நுரைப் பஞ்சு, சிலிகான் கட்டு: மூன்று முதல் ஏழு நாள் வரை அப்படியே விடலாம். விலை அதிகம், ஆனால் குழந்தையின் அழுகை குறைவு.

வாழை இலை: நம்ம ஊர்ச் சமாசாரம்! மும்பை மருத்துவர்கள் இதைச் சோதித்து 2003-ல் ஆய்வு வெளியிட்டார்கள். வாஸ்லின் துணியைவிட வலி குறைவு என்று கண்டார்கள். ஆனால் அது கிருமிநீக்கம் செய்து தயாரித்த இலை. கொல்லையில் அறுத்த இலையைக் கட்டிவிடாதீர்கள்.

எங்கள் தைலம்?

புண்ணுக்கு மத்தன் தைலம் பேர்போனது. நானே பெரியவர்களின் ஆறாத புண்ணுக்குத் தருகிறேன். ஆனால் அதில் ஊமத்தைச் சாறும் துருசும் இருக்கின்றன. தோல் வெந்த குழந்தையின் உடம்பில் இவை உள்ளே இறங்கும் ஆபத்து உண்டு. அதனால்தான் பாட்டிக்கு "இல்லை" என்றேன்.

எப்போது ஆஸ்பத்திரி?

குழந்தையின் உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து, அதன் உடம்பில் சுமார் ஒரு சதவிகிதம். அதைவிடப் பெரிய புண், முகம், கை, பாதம், பிறப்புறுப்பு, மூட்டு ஆகிய இடங்கள், மின்சாரம் அல்லது ஆசிட் பட்டது, ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை... இதெல்லாம் உடனே ஆஸ்பத்திரிதான். வெளுத்து, வலியே இல்லாத புண் ஆழமானது; கட்டு மட்டும் போதாது. இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால் அறுவை மருத்துவரைப் பாருங்கள். தாமதித்தால் தழும்பு தடித்துவிடும். டெட்டனஸ் ஊசி பாக்கியா என்றும் கேளுங்கள்.

அந்தக் குழந்தைக்குக் கொலாஜன் தாள் போட்டார்கள். பன்னிரண்டாம் நாள் தாள் உரிந்து, உள்ளே இளஞ்சிவப்பாய்ப் புதுத்தோல். பாட்டி கையைக் காட்டிவிட்டுப் போனார். இப்போது அவர் வீட்டில் ரசச்சட்டி அடுப்பின் உள்பக்கம்தான் இருக்கிறதாம். எல்லாக் கட்டையும்விட நல்ல கட்டு அதுதானே!