தெருவிற் பிறந்த ஆட்டமும் ஆடுநர் வாழ்வும்

ஒரு கலைவடிவத்தை, அதனைப் பிறப்பித்த மக்களின் வாழ்நிலையினின்றும் பிரித்து நோக்குதல் இயலாது. எமது கூத்து மரபை ஆராய்வோர் நன்கறிந்த இவ்வுண்மை, நியூயோர்க் நகரின் புறொங்ஸ் பகுதியிலே தோன்றிய பிரேக் நடனத்துக்கும் பொருந்துவதாகும். அதன் தொடக்ககால ஆடுநருள் ஒருவரான றிச்சாட் கொலோனின் வாழ்வை இந்நோக்கில் ஆராய்வோம்.

'கிறேசி லெக்ஸ்' என அறியப்படும் அவர் 1966இற் பிறந்தவர்; புவேட்டோ றிக்கோ வழியினர். புறொங்ஸை ஊடறுத்து அமைக்கப்பட்ட பெருந்தெரு ஆயிரக்கணக்கானோரை இடம்பெயர்த்தது, தொழில்கள் அருகின, குடியிருப்புகள் தீக்கிரையாயின. இச்சூழலிலேதான், 1973 ஆகஸ்ட் 11ஆம் நாள், யமேக்காவிலிருந்து குடியேறிய கூல் ஹேர்க் எனும் இளைஞர் குடியிருப்பொன்றின் விருந்திலே இசைத்தட்டுகளைச் சுழலவிட்டார். பாடல் ஓய்ந்து தாளம் மட்டும் ஒலிக்கும் இடைப்பகுதியை, ஒரே இசைத்தட்டின் இரு பிரதிகளைக்கொண்டு நீட்டிக்கும் முறையை அவர் வளர்த்தெடுத்தார். அவ்விடைப்பகுதியில் ஆடியோரே பிரேக் ஆடுநர் எனப்பட்டனர். சூழநிற்போர் அமைக்கும் வட்டமே அவர்தம் அரங்கு. அது எமது வட்டக்களரியை நினைவூட்டுகின்றது.

1970களின் இறுதியிற் கறுப்பின இளைஞரிடையே இவ்வாட்டம் மங்கியபோது, புவேட்டோ றிக்கோ வழி இளைஞர் அதனைப் பேணினர். 1977இல் நிறுவப்பெற்ற றொக் ஸ்ரெடி குழுவிற் பின்னர் இணைந்த கொலோன் அதன் தலைவரானார். 1983இல் வெளியான 'பிளாஷ்டான்ஸ்' திரைப்படத்தின் இறுதிக் காட்சியில் முதுகூன்றிச் சுழன்றவர், பொய்மயிர் தரித்த அவரே. ஆயின் பார்வையாளர் கண்டது கதாநாயகியை மட்டுமே. ஆடியவன் உழைப்பு மறைய, ஆட்டம் விற்பனைப் பண்டமாயிற்று. சில ஆண்டுகளில் வணிக மோகம் தணிந்ததும் ஆடுநர் கைவிடப்பட்டனர். 1990களிற் கொலோன் தம் குழுவை மீளக் கட்டியெழுப்பினார்.

2024இற் பரிஸ் ஒலிம்பிக்கில் இவ்வாட்டம் இடம்பெற்றது. இதனை வெற்றி என்று மட்டும் கொள்ளலாமா? எமது அனுபவம் இவ்விடத்து ஒப்புநோக்கற்பாலது. 1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்தார். அதனாற் கூத்து கற்றோரிடையே மதிப்புப் பெற்றது. 1968இன் மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டச் சூழலில், காத்தவராயன் கூத்துப் பாணியில் அமைந்த 'கந்தன் கருணை' யாழ்ப்பாணத்துச் சாதிக் கொடுமையைச் சாடியது. முன்னையது கலைக்கு மதிப்பளித்தது; பின்னையது அக்கலையை ஒடுக்கப்பட்டோர் கையில் ஆயுதமாக்கியது. இரண்டும் வேண்டற்பாலனவே.

எனினும், மேடை உயருந்தோறும் ஆடுநரும் உயர்ந்தனரா என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. கலையைப் போற்றி, கலைஞனை மறக்கும் ஆய்வு முழுமையான ஆய்வாகாது என்பதே எமது துணிபு.