கோல்ஃப் கிளப்பை விழுங்கிய வைப்புத்தொகை

ஃபுஜி மலையின் அடிவாரத்தில் கொதெம்பா என்ற ஊரில் ஜப்பானின் பெயர்பெற்ற கோல்ஃப் மைதானம் ஒன்று இருக்கிறது. 2001இல் உலகக் கோப்பைப் போட்டி அங்கேதான் நடந்தது. டைகர் வுட்ஸ் வந்து ஆடினார். தைஹெய்யோ மாஸ்டர்ஸ் போட்டியும் 1970களிலிருந்து ஆண்டுதோறும் அங்கே நடந்துவருகிறது. அந்த மைதானத்தையும் சேர்த்துப் பதினைந்துக்கும் மேற்பட்ட மைதானங்களை நடத்திவந்த தைஹெய்யோ கிளப், 2012 ஜனவரியில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றத்தில் மறுசீரமைப்பு மனு தாக்கல் செய்தது. குழுமத்தின் கடன் 12,000 கோடி யென்னைத் தாண்டியிருந்தது. அதே ஆண்டு நவம்பரில் போட்டி வழக்கம்போல் நடந்தது. இஷிகாவா ரியோ கோப்பையை வென்றார். தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு மைதானத்தில் ஒரு குறையும் தெரிந்திருக்காது. இவ்வளவு புகழ்பெற்ற கிளப் எப்படித் திடீரென விழுந்தது என்று பலரும் கேட்டார்கள். அது திடீரென விழவில்லை என்பதே என் வாதம். ஜப்பானியக் கோல்ஃப் கிளப்புகளில் பெரும்பாலானவை விழுவதற்கான காரணத்தை அவற்றின் அங்கத்துவப் பத்திரத்திலேயே எழுதி வைத்திருந்தன.

நம் ஊரில் வீட்டைப் போக்கியத்துக்கு விடுவதை நினைத்துப் பாருங்கள். குடிவருபவர் பெரிய தொகை ஒன்றைக் கொடுக்கிறார். மாத வாடகை கிடையாது. காலி செய்யும்போது முழுப் பணமும் திரும்ப வரவேண்டும். வீட்டுக்காரர் அந்தப் பணத்தை அன்றே செலவழித்துவிடுவார். பிறகு அடுத்து வருபவர் கொடுப்பதை வாங்கித்தான் முன்னவருக்குத் தருவார். ஜப்பானில் கோல்ஃப் அங்கத்துவமும் பெரும்பாலும் இப்படித்தான் இயங்கியது. சேருபவர் வட்டியில்லா வைப்புத்தொகை கட்டுவார். அது வழக்கமாகப் பத்து ஆண்டுகள் கிளப்பிடம் இருக்கும். அதன்பின் விலக விரும்பினால் திருப்பிக் கேட்கலாம். வங்கிக்கு வட்டி கட்டாமல் மலையை வெட்டி மைதானம் போட இதைவிட எளிய வழி நிறுவனங்களுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் பணம் நிலத்துக்குள் போய்விட்டது. மலைச்சரிவில் போட்ட மைதானத்தை மைதானமாக மட்டுமே விற்க முடியும். ஆட வருபவர் கட்டும் கட்டணமோ பராமரிப்புக்கே சரியாகப் போகும்.

இந்த ஏற்பாட்டின் ஆபத்து நெடுங்காலம் யார் கண்ணிலும் படவில்லை. அதற்குக் காரணம் அங்கத்துவச் சந்தை. பத்திரத்தைத் தரகர் மூலம் இன்னொருவருக்கு விற்கலாம். ஒருவர் கட்டிய வைப்புத்தொகை 1 கோடி யென், சந்தை விலை 3 கோடி யென் என்று வைத்துக்கொள்வோம். விலக விரும்புபவர் கிளப்பிடம் 1 கோடியை ஏன் கேட்கப் போகிறார்? சந்தையில் விற்று 3 கோடியோடு போவார். அதனால் விலை ஏறிக்கொண்டிருந்த வரை கிளப்பின் கதவை ஒருவரும் தட்டவில்லை. திருப்பித் தரவேண்டிய கடன் என்ற நினைப்பே நிர்வாகத்துக்கு மறந்துபோனது. அதே பத்திரம் சந்தையில் 20 லட்சத்துக்கு இறங்கினால் என்ன ஆகும்? இப்போது கிளப்பிடம் கேட்பதுதான் லாபம். ஒருவருக்கு மட்டுமல்ல, அத்தனை பேருக்கும் ஒரே நாளில் அதுவே லாபம். வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்குத் திடீர் வீழ்ச்சியாகத் தோன்றுவது இந்தக் கணம்தான். விலை வைப்புத்தொகைக்குக் கீழே இறங்கிய அன்று, மைதானத்தில் எதுவும் மாறாமலே கிளப் கடனாளியாகிறது.

விலை அந்த அளவு ஏறியதற்கு 1980களின் நிலவிலை, பங்குவிலைக் குமிழி காரணம். டோக்கியோவின் கொகனேய் கிளப் அங்கத்துவம் உச்சத்தில் சுமார் 40 கோடி யென்னுக்குப் போனது. 1987இல் வந்த ஓய்வுத்தலச் சட்டம் ஊர்தோறும் மைதானம் போட ஊக்கம் கொடுத்தது. இதில் நேர்மையற்றவர்களும் புகுந்தார்கள். இபராகி கிளப் 2,830 பேரை மட்டுமே சேர்ப்பதாகச் சொல்லிவிட்டுச் சுமார் 52,000 பேரிடம் பணம் வாங்கியது 1991இல் வெளிப்பட்டது. அந்தப் பணத்தில் ஒரு பகுதி ஹவாயிலும் கலிபோர்னியாவிலும் சொத்தாக மாறியிருந்தது. அதையடுத்து 1992இல் தனிச்சட்டம் வந்தது. மைதானம் திறக்கும் முன்பே அங்கத்தினர் சேர்ப்பதற்குத் தடை விதிக்கப்பட்டது. ஆனால் மோசடி செய்யாத கிளப்புகளும் பின்னாளில் அதே கதிக்கு வந்தன என்பதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். 1980களின் கடைசியில் வாங்கிய தொகைகளின் பத்தாண்டுக் கெடு 1990களின் கடைசியில் முடியத் தொடங்கியது. கெடுவை நிர்வாகக் குழுத் தீர்மானத்தால் நீட்டிவிடலாம் என்று பல கிளப்புகள் நம்பின. ஒவ்வொரு அங்கத்தினரின் சம்மதமும் இல்லாமல் அது செல்லாது என்று ஜப்பான் உச்ச நீதிமன்றம் 1986லேயே சொல்லியிருந்தது. விளைவாக, மைதானங்கள் நடத்திய நிறுவனங்களில் நித்தோ கோக்யோ 1997இல் விழுந்தது; ஸ்போர்ட்ஸ் ஷின்கோ 2002இல் விழுந்தது. சிறு கிளப்புகள் இன்னும் பல.

குமிழி உடைந்தால் எந்தத் தொழில்தான் நிற்கும், வைப்புத்தொகையை மட்டும் ஏன் குற்றம் சொல்லவேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் அதே நாட்டிலேயே இருக்கிறது. 1929இல் தொடங்கிய காசுமிகசேகி கிளப் அங்கத்தினர்களே நடத்தும் சங்கம். அதே குமிழியையும் அதே மந்தத்தையும் கடந்து, 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கின் கோல்ஃப் போட்டிகளை நடத்தியது. அங்கத்தினர்களே பங்குதாரர்களாக உள்ள கிளப்புகளும் உண்டு. அவற்றிலும் அங்கத்துவ விலை சரிந்தது. நஷ்டம் பத்திரம் வாங்கியவரோடு நின்றது. பணத்தைத் திருப்பிக் கொடு என்று கேட்க யாருக்கும் உரிமை இல்லாததால் கிளப் விழாமல் நிலைத்தது. குமிழி வீழ்ச்சியின் நாளைக் குறித்தது. யார் விழுவார் என்பதைக் கணக்குமுறை முடிவு செய்தது.

பணக்காரர் விளையாட்டுக்கு ஏன் இவ்வளவு கவலை என்பது அடுத்த மறுப்பு. இதை என்னால் ஏற்க முடியாது. அங்கத்துவம் வாங்கியவர்களில் கடன் வாங்கிக் கட்டிய சம்பளக்காரர்களும் சிறுதொழில் நடத்துபவர்களும் இருந்தார்கள். அதைச் சேமிப்பு என்று நம்பியே வாங்கினார்கள். நீதிமன்றச் சீரமைப்பு முடிந்தபின் பல கிளப்புகளில் அவர்களுக்குத் திரும்ப வந்தது நூற்றுக்குச் சில யென் மட்டும். ஜப்பானில் கோல்ஃப் ஆடுபவர் கட்டும் வரியில் பத்தில் ஏழு பங்கு மைதானம் இருக்கும் ஊராட்சிக்குப் போகிறது. மைதானம் மூடினால் மலையடிவாரக் கிராமத்தின் வருமானமும், அங்கே பை தூக்கும் பெண்களின் வேலையும் சேர்ந்தே போகும்.

தைஹெய்யோவின் அங்கத்தினர்கள் சும்மா இருக்கவில்லை. மைதானங்களை அக்கோர்டியா நிறுவனத்திடம் ஒப்படைக்கும் திட்டத்தை 2012 அக்டோபரில் வாக்களித்துத் தோற்கடித்தார்கள். அதன்பின் நீதிமன்றம் வேறு நடைமுறைக்கு மாற்ற, பச்சிங்கோ சூதாட்டக் கூடங்கள் நடத்தும் மாருஹான் நிறுவனம் கிளப்பை ஏற்றது. தங்கள் மைதானம் யார் கைக்குப் போகவேண்டும் என்பதில் அவர்களால் குரல் கொடுக்க முடிந்தது. அந்த உரிமையும் கடன் கொடுத்தவர்கள் என்ற முறையில்தான் வந்தது. உடைமையாளர்களாக அவர்கள் ஒருநாளும் இருந்ததில்லை. பலருக்கு அது வழக்கு வந்தபின்தான் புரிந்தது. திருப்பித் தருவதாகச் சொல்லிப் பெருந்தொகை கேட்கும் எந்தக் கிளப் உங்களிடம் படிவத்தை நீட்டினாலும், போன ஆண்டு எத்தனை பேருக்குப் பணம் திரும்பக் கிடைத்தது, அது எந்தக் கணக்கிலிருந்து போனது என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.